அதிர்ஷ்டக் கண்

ஜூன் 11, புதன்

வெயில். புழுதிக் காத்து. லாரிக்கு உப்பு லோடு இல்லை. மகள் மலரைக் கூட்டிக்கிட்டு ராமநாதபுரம் கண்ணாஸ்பத்திரி. நல்ல கண்ணை மூடிட்டு, மாறுகண்ணால் சுவத்து எழுத்தை வாசிக்கச் சொன்னாங்க. பிள்ளை முழிக்குது. எனக்குப் பொறுக்கலை. "ப" என்று மெதுவா எடுத்துக் கொடுத்தேன்.

நர்சம்மா: "பரீட்சை ஒங்களுக்கா, பாப்பாவுக்கா? வெளிய நில்லுங்க."

வரிசையே சிரிச்சது. எட்டாம் வகுப்பில் பிட்டோடு மாட்டினபோதும் இப்படித்தான் நின்றேன்.

டாக்டரம்மா சொன்னது, மறக்குமுன்: கண்ணு பழுதில்லை. ரெண்டு கண்ணும் ஆளுக்கொரு படம் அனுப்பும், மூளை சேர்த்து ஒண்ணாக்கும். ஒண்ணு கோணலா வந்தா எல்லாம் ரெண்டாத் தெரியும். தொல்லைன்னு மூளை அந்தப் படத்தையே தள்ளிரும். "கண்ணு பாத்துக்கிட்டுதான் இருக்கு. மூளை வாங்க மாட்டேங்குது."

கண்ணாடி. நல்ல கண்ணை மூட ஒட்டுப் பிளாஸ்திரி, தினம் ஆறு மணி நேரம். அப்பத்தான் மத்தது வேலை செய்யுமாம்.

"எட்டு வயசாச்சு. இன்னும் விட்டா மூளை படியாது. முன்னாடியே யாரும் கவனிக்கலையா?"

"இல்லைங்க" என்றேன்.

ஜூன் 12, வியாழன்

ஒத்தைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாதாம். அதான் மலர் கையில் பந்து நிக்காது, தண்ணி டம்ளருக்கு வெளியே. 'ஓட்டைக்கை'ன்னு பேர் வச்சவன் நான். ஊரே கூப்பிடுது.

ஒரு கண்ணைக் கட்டிக்கிட்டு டீ ஊத்திப் பார்த்தேன். பாதி வேட்டியில்.

வீட்டுக்காரி செல்வி: "மக சிந்துறது போதாதுன்னு நீங்க வேறயா?"

ஜூன் 13, வெள்ளி

லோடு. வெள்ளிக்கிழமைதோறும் மலர் லாரி முன்னால் நின்று பார்ப்பாள், அப்புறம்தான் சாவி போடுவேன். மாறுகண் அதிர்ஷ்டம்னு சாயல்குடி முழுக்கச் சொல்லித் திரிஞ்சது நான்தான். புது பைக் எடுத்தவனெல்லாம் அவளைக் கூப்பிட்டு நிறுத்துவான்.

இன்னிக்கு நான் கூப்பிடலை. அவளே வந்து நின்னா. ஒட்டில்லாமல்.

ஜூன் 17, செவ்வாய்

லாரி கழுவினேன். சீட்டுக்கு அடியில் ஒட்டு நாலு, கசங்கி.

"ஏத்தா, ஏன் பிச்சுப் போட்ட? பள்ளிக்கூடத்துல கேலி பண்றாங்களா?"

தலையாட்டினாள், இல்லைன்னு. அப்புறம்: "இந்தக் கண்ணு சாதாக் கண்ணாயிட்டா ஒங்க லாரி ஓடாதுல்ல அய்யா?"

"அடி கூறுகெட்டவளே, லாரி டீசல்லதான் ஓடுது. கண்ணுன்னது அய்யா சும்மா சொன்னது."

சிரிச்சா. புது ஒட்டு நானே ஒட்டினேன். கோணல். பிச்சு மறுபடி ஒட்டினேன்.

"அப்பச் சின்னதுலயே ஏன் டாக்டர்கிட்டப் போகலை அய்யா?"

செருப்பைத் தேடுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

ஒண்ணாம் வகுப்பிலேயே டீச்சர் சீட்டு கொடுத்தாங்க, உடனே கண்ணைக் காட்டுங்கன்னு. அந்த மாசம்தான் லோடு நிக்காம வந்துச்சு. கண்ணு நேராயிட்டா அது நின்னுருமோன்னு பயம். சீட்டை மடிச்சு, லாரியில் சாமி படத்துக்குப் பின்னால் சொருகினேன். இன்னும் அங்கனதான் இருக்கு.