வெள்ளை டைல்ஸில் ஒரு குங்குமப் பொட்டு

என் சாந்தாமணி அக்காவுக்கு,

உன் கேமராவைச் சாயப்பட்டறை லேப் மேசையில் மாட்டிவிட்டார்கள். "கண்ணு தெரியலீன்னா ஊட்ல இருங்க அம்மிணி, கேமராவ நம்பிச் சாயம் போட முடியுங்களா?" என்று உன்னை அனுப்பினாரே, அதே முதலாளிதான் மாட்டச் சொன்னார். நீ போய்ச் சேர்ந்த பிறகு.

உன் இடத்தில் இப்போது நான்தான் நிற்கிறேன். சாயத் தண்ணீரில் காரம் எவ்வளவு என்று பார்க்க, குடுவையில் இருக்கும் இளஞ்சிவப்பு மறையும்வரை ஆசிட் சொட்ட வேண்டும். மறைந்ததும் நிறுத்த வேண்டும். சர்க்கரை நோய் உன் பார்வையை மங்கவைத்தபோது அந்த ஒரு நொடிதான் உனக்குத் தப்பியது. அதற்காகப் பழைய செல்போனை எதிரே நிறுத்தி, குடுவைக்குப் பின்னால் வெள்ளை டைல்ஸ் வைத்து, சிவப்பு மறைந்ததும் தானாக மூடுகிற வால்வைப் பொருத்தினாய். வேலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தானே அக்கா அத்தனை பாடும்?

ஆயுத பூஜையன்று முதலாளி தன் கையாலேயே எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார். உன் டைல்ஸுக்கும் சந்தனம், நடுவில் பெரிய குங்குமம். மறுபடி வேலை தொடங்கிய அன்று வால்வு மூடவே இல்லை. குடுவை நிரம்பி ஆசிட் மேசையெல்லாம் ஓடியது.

"சாந்தாமணி செஞ்சதுதானுங்க இது? செத்தவ கை வெச்சது வெளங்குமா? கழட்டிப் போடுங்க" என்றார் முதலாளி.

செத்த பிறகும் உன்னை விடவில்லை பார். நான் முந்தானையால் பொட்டைத் துடைத்துவிட்டு வேறு குடுவை வைத்தேன். சிவப்பு மறைந்தது, வால்வு மூடியது. "கேமராவுக்குக் குங்குமமும் சிவப்புதானுங்க" என்றேன். "செரி, ஓடட்டும்" என்று போய்விட்டார்.

அடுத்த வாரம் நம்மிடம் துணி வாங்குகிற பையர் வந்தார். இது யார் செய்தது என்று கேட்டார். "எம் பையன் பண்ணுனதுங்க" என்றார் முதலாளி, என்னை வைத்துக்கொண்டே. பையனும் சிரித்துக்கொண்டு நின்றான். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

ஓடினால் அது அவர் பையனுடையது. கெட்டால்தான் உன்னுடையது. அதனால் ஒன்று சொல்கிறேன் அக்கா. அடுத்த முறை பையர் வரும்போது அந்த டைல்ஸில் நானே குங்குமம் வைப்பேன். எல்லார் முன்னாலும் நிரம்பி வழியட்டும். யார் செய்தது என்று அவர் கேட்கட்டும். முதலாளி வாயாலேயே உன் பேரைச் சொல்லவைக்கிறேன்.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கமணி