குமட்டல் பட்டாளமும் துடுப்புக்காரர்களும்

அண்ணே,

இன்று காலை உன் மேசை இழுப்பறையைத் திறந்தேன். பிஸ்கட் டப்பா நிறைய, நீ சாயம் கலந்து ஊற்றிவைத்த பழைய கண் மருந்துக் குப்பிகள். ஒவ்வொன்றிலும், நான் லீவுக்கு வந்தபோதெல்லாம் என் கையெழுத்தில் எழுதி ஒட்டிய ஒரு துண்டுத் தாள். ‘வெள்ளைக்காரன் கன்னம்.’ ‘காய்ந்த கருவாடு.’ ‘நனைந்த மணல்.’ ‘மகாராஜா பட்டாளத்துக் கச்சை.’ வேறு யாராவது பார்த்தால், எழுதியவளுக்கு மூளை பிசகிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். ஒன்றைத் திறந்ததும் அந்தச் சாயத்தின் வாசனை முகத்தில் அடித்தது. மூட மனமில்லாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

உன் ஆண்டுத் திவசத்துக்காக மஸ்கட்டிலிருந்து வந்திருக்கிறேன். அது நேற்று முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை தக்கலை சார் வருகிறார். வாரம் தவறாமல் உன்னோடு பகடை உருட்டிப் பொம்மைப் போர் ஆடியவர் அல்லவா, நீ ஆடாமல் விட்டுப்போன, திருவிதாங்கூர் மகாராஜா டச்சுக்காரர்களை முறியடித்த குளச்சல் போரை நம் சாப்பாட்டு மேசையில் ஒரு தடவையாவது ஆடிவிட வேண்டும் என்கிறார். அதற்கு நீ செய்துவைத்த துடுப்புக்காரர்கள் வேண்டும். அவர்கள் மட்டும் இன்னும் சாயம் காணாமல் சாம்பல் நிறத்தில் நிற்கிறார்கள். நான் பூசித் தருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள் என்பாயே, அதேதான்.

உனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. நம் வீட்டு வாசலைத் தாண்டாத விஷயம் அது. ரயில்வே பரீட்சையில் தேறி, மருத்துவச் சோதனைக்குப் போய்விட்டு நீ திரும்பிய சாயங்காலம் நான் பள்ளிக்கூடச் சீருடைகூட மாற்றியிருக்கவில்லை. “கலர் புள்ளிக்குள்ள நம்பர் இருக்குன்னு ஒரு புஸ்தகம் காட்டினாவ. நம்பரே இல்லட்டி. வெறும் புள்ளிதான்” என்றாய். அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். அந்த வேலை கைவிட்டுப் போனபின் நீ வடசேரியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்குப் பார்த்தே காலத்தை ஓட்டினாய். அப்படிப்பட்டவன் போயும் போயும் சாயம் பூசுகிற வேலையையா பொழுதுபோக்காகப் பிடித்துக்கொள்வாய் என்று நான் எத்தனை முறை திட்டியிருக்கிறேன்! கடைக் குப்பியில் பெயர் அச்சடித்திருக்கும், அதைப் படித்துக்கொள்வாய். கலந்த பிறகு அதற்குப் பெயரில்லையே. அங்கேதான் நான் வேண்டியிருந்தேன். நான் மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனபிறகு போனில் படம் வரும். “ஏட்டி, இது என்ன கலரு? பாத்துச் சொல்லு.” டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். வெயிலில் வைத்து எடுத்து மறுபடி அனுப்புவாய்.

திருவிதாங்கூர் வீரன் எந்தக் கடையிலும் கிடைக்கமாட்டான். ஏதோ ஓர் ஐரோப்பியப் போரின் பிளாஸ்டிக் சிப்பாய்களை வரவழைப்பாய். சுண்டுவிரலில் பாதி உயரம்கூட இருக்கமாட்டான் ஒருத்தன். அவன் பூட்ஸைப் பிளேடால் சீவி, தொப்பியை அறுத்தெறிந்து, பிசைந்தால் கல்லாய் இறுகுகிற பசையில் வேட்டியும் குடுமியும் வைப்பாய். மடித்துக் கட்டிய வேட்டி ஓடும்போது பின்பக்கம் எப்படி நிற்கும் என்று உனக்கு ஒரு சந்தேகம். என் வீட்டுக்காரர் மறுவீட்டுக்கு வந்த அன்று, புது மாப்பிள்ளை என்றும் பாராமல் அவரைத் தென்னந்தோப்பில் ஓடவிட்டாய். “மாப்ளே, இன்னொரு தடவ. இப்ப கொஞ்சம் பயந்து ஓடுங்க பாப்போம்.” விருந்துச் சாப்பாடு வயிற்றில் குலுங்க அவரும் ஓடினார். நேற்றும் அதைச் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஒரு தடவை எனக்கு வார்டில் தலைக்குமேல் வேலை. போனைத் தொட முடியாத நாட்கள். நீ பொறுக்கமாட்டாமல் நீயே கலந்து, டச்சுக்காரன் பட்டாளம் ஒன்றுக்கு முழுசாக முகம் பூசி முடித்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்த தக்கலை சார், “இதென்ன, எல்லாவனுக்கும் மூஞ்சி பச்சையா இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். நீ அசரவில்லை. “கப்பல்ல மாசக்கணக்கா ஆடிக்கிட்டு வந்த பயலுவ சார். கரை இறங்கினா குமட்டாதா?” சார் விழுந்து விழுந்து சிரித்தாராம். அன்றிலிருந்து அது குமட்டல் பட்டாளம்.

அவர் போனபிறகு என்னை அழைத்தாய். “பச்சையாமே ஏட்டி. என்ன பச்சை?” படத்தைப் பார்த்து, பாகற்காய் என்றேன். நீ பெரிதாகச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்ததையும் நான் கேட்டேன். மாற்றிப் பூசலாம், நிறம் நான் சொல்கிறேன் என்றதற்கு, “வேண்டாம், நிக்கட்டும்” என்று மட்டும் சொன்னாய். நேற்றுத் திவசத்துக்கு வந்தவர்களிடம் சார் அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். “என்னா கற்பனை அந்த மனுசனுக்கு!” நானும் தலையாட்டினேன். உனக்கு அந்தப் பச்சை தெரியவே இல்லை என்பது என் வாயிலிருந்து ஒருநாளும் வராது அண்ணே.

துடுப்புக்காரர்கள் உன் செல்லப்பிள்ளைகள். குளச்சல் கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்கள் துடுப்பைத் தோளில் சாய்த்து வரிசையாக நின்றார்களாம். கப்பலிலிருந்து பார்த்தவனுக்கு அது துப்பாக்கி ஏந்திய பெரும்படையாகத் தெரிந்ததாம். நம் பக்கத்தில் சொல்கிற கதை. “ஒரு குண்டு சுடாம சண்டைல நின்னவனுவ” என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவாய். அவர்களுக்கு ஆட்டத்தில் தாக்குகிற பலம் எதுவும் வேண்டாம், நின்றால் போதும் என்று சாரிடம் விதியையே சண்டை போட்டு மாற்றி எழுதவைத்தாய்.

கடைசியாக நீ கேட்டதும் அவர்களுக்காகத்தான். விடிந்ததும் குளச்சலுக்குப் போய், ஒரு மீன்பிடிக்காரரிடம் துடுப்பைத் தண்ணீரில் நனைக்கச் சொல்லிப் படமெடுத்து அனுப்பினாய். உருகின கருப்பட்டி நிறம் என்றேன். கலந்து அனுப்பினாய். இன்னும் கொஞ்சம் சிவப்பு என்றேன். மறுபடி அனுப்பினாய். சரி என்றேன். அந்தக் குப்பியில் மட்டும் உன் கையெழுத்து இருக்கிறது: ‘ஏட்டி சொன்ன கருப்பட்டி.’

அந்த வாரமே மாரடைப்பில் கடை நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டாய். எத்தனை பேருடைய நெஞ்சை இந்தக் கையால் அழுத்தியிருக்கிறேன், அண்ணே. உனக்கு மட்டும் கை எட்டவில்லை. விமானத்தில் வரும்போது பக்கத்தில் இருந்தவர் பயந்துபோகிற அளவுக்கு அழுதேன்.

இன்று மத்தியானம் செய்தித்தாளை விரித்து, முதல் ஆளை எடுத்து, கருப்பட்டியில் தூரிகையைத் தோய்த்தேன். துடுப்பில் வைத்ததும் சாயம் பொத்தென்று விழுந்தது. நீ ஊசிமுனையால் கீறிவைத்திருந்த விரல்களெல்லாம் மூழ்கிப்போயின. தண்ணீர் சேர்த்தால் முகத்தில் வழிந்து ஓடுகிறது. சேர்க்காவிட்டால் கட்டி கட்டியாக நிற்கிறது. நிறம் மட்டும் தெரிந்து என்ன பிரயோசனம்? உன்னிடம் நான் ஒன்றுமே கேட்டுவைத்துக்கொள்ளவில்லை. கேட்டவன் எப்போதும் நீதானே.

என்ன நினைத்தேனோ, கெட்டுப்போன அந்த ஆளை வெயிலில் வைத்துப் படமெடுத்து உன் எண்ணுக்கு அனுப்பினேன். “எவ்வளவு தண்ணி விடணும் அண்ணே?”

அடுத்த அறையில் மணி அடித்தது. கேஸ் சிலிண்டருக்கும் பேங்குக்கும் அந்த நம்பர்தான் கொடுத்திருக்கிறது என்று மதினி உன் போனை அணைக்காமலே வைத்திருக்கிறாள். அதைக் கையில் பிடித்தபடி வந்து நின்றாள். அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்கு இந்தப் பொம்மையைப் பத்தி ஒண்ணும் தெரியாது மக்கா. ஆனா அவிய பூசுகதுக்கு முந்தி என் நகத்துலதான் ஒரு கோடு போட்டுப் பாப்பாவ. நகம் லேசா தெரியணும், கோடு ஓடவும் கூடாது. அப்பதான் சரின்னு சொல்லுவாவ.”

சொல்லிவிட்டு இடது கையைத் தாளின் மேல் விரித்து வைத்தாள்.

சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, அவள் நகத்தில் போட்டுப் போட்டுப் பார்த்தோம். ஒருவழியாகக் கோடு நின்றது. இப்போது துடுப்புகள் ஒவ்வொன்றாக நனைந்துகொண்டு வருகின்றன. ஒவ்வோர் ஆளுக்கும் முன்னால் ஒரு கோடு. மதினி கையை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். இந்த வேகத்தில் போனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிந்துவிடும். நான்தான் வேண்டுமென்றே மெதுவாகப் பூசுகிறேன், அண்ணே. முடிந்துவிட்டால் அவள் கையை எடுத்துவிடுவாளே.