கதவில் எழுதிய பெயர்

மே 1, வியாழன்
மழை. குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகல். வீட்டுக்காரன் போன் எடுக்கிறான் இல்லை, மூதேவி. மீன் வாங்க மறந்தாயிற்று.
மதுராவின் படைப்பிரிவில் சனிக்கிழமை திறந்த நாள், வீட்டாட்கள் போய்ப் பார்க்கலாமாம். யூனிவர்சிட்டி படிக்கிற பிள்ளைக்கு வார இறுதியில் இந்த வெள்ளைக்கார நாட்டின் பட்டாளம்.
"அப்பா, வாறீங்களே?"
"குதிரை இல்லாத குதிரைப்படையிலை எனக்கென்ன வேலை?"
சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

மே 2, வெள்ளி
சாப்பாட்டு நேரம் முழுக்க அவளுடைய ரெஜிமென்ட் சரித்திரம். முதலில் குதிரை. பிறகு குதிரைகளை அனுப்பிவிட்டு டாங்கி. இப்போது கவச வண்டி. குதிரைக்குப் பெயர் வைக்கிற வழக்கம் மட்டும் மிச்சமாம். வண்டியை ஓட்டுகிற ஆள்தான் பெயர் வைக்க வேண்டும்.
"என்ரை வண்டிக்கு வச்ச பேரை நாளைக்குப் பாருங்கோ."
"கழுதை எண்டு வை."
சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பிப் போனாள். பாதிச் சோறு குப்பையில்.
இவளுடைய தாய் செத்தது ஊரில், சண்டை நேரம், ஒழுங்கைக்குள் வந்த ஆமியின் கவச வண்டியில் நெரிபட்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றுதான் சொல்லி வளர்த்தேன்; ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருக்கிற அவளுடைய சித்தியையும் அப்படியே சொல்லச் சொன்னேன். அன்றைக்குப் பிறகு செத்தவளின் பெயரை நான் வாயில் எடுத்ததில்லை. படமும் பெட்டிக்குள்.

மே 3, சனி
போயிருக்கக் கூடாது.
வாசலில் கொழுத்த சார்ஜன்ட். பொன்ஜூர், பொன்ஜூர் என்று பிரெஞ்சில் வணக்கம், வியர்த்த கை. கண்ணாடிக்குள் பழைய சேணம். பின்முற்றத்தில் பச்சை வண்டிகள் வரிசையாய். மதுரா சீருடையில், முகமெல்லாம் பல்.
அவளுடைய வண்டிக் கதவில் வெள்ளை எழுத்தில் தாயின் பெயர்.
அத்தனை பேர் நடுவிலும் கத்தினேன். "கொம்மாவை நெரிச்சது இந்தச் சாமான்தானடி! காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அழி!"
சார்ஜன்ட் விளங்காமல் சிரித்தபடி.
அவள் அழவில்லை. "தெரியும் அப்பா. லொங்குய்ய் சித்தி எப்பவோ சொல்லிட்டா."
"தெரிஞ்சோ இந்தப் பேரை வச்சனி?"
"ஓம். வீட்டிலை ஆரும் அந்தப் பேரைச் சொல்லுறேல்லை. இங்கை இந்த வண்டியை நாள் முழுக்க ரேடியோவிலை அந்தப் பேராலைதான் கூப்பிடுறாங்கள்."
துப்பினேன். கதவில் பட்டது. சட்டைக் கையால் துடைத்தாள், மெல்லமாய், முகம் துடைக்கிற மாதிரி.
"அவளோடை நீயும் போயிருக்கலாம்" என்றேன்.
சொன்னது சொன்னதுதான்.

மே 5, திங்கள்
வெயில். குழாய் திருத்த ஆள் வந்தான். மதுரா இரண்டு நாளாய் லொங்குய்யில். சித்திக்காரிக்குப் போன் எடுத்தேன்.
"அத்தான், அவள் உங்களோடை கதைக்க மாட்டாளாம்."
"சாப்பிட்டாளோ?"
"அதை ஏன் நீங்கள் கேக்கிறியள்?" வைத்துவிட்டாள். நாசமாய்ப் போகட்டும் இரண்டும்.

மே 10, சனி
மதுராவிடமிருந்து போனில் ஒரு படம். வண்டிக் கதவு. பெயர் இருந்த இடத்தில் புதுப் பச்சைப் பெயின்ட், அது மட்டும் மினுங்குகிறது. கீழே இங்கிலிஷ் எழுத்தில் தமிழ்: "அழிச்சிட்டன் அப்பா. உங்களை மாதிரியே."
இனி வரமாட்டாளாம். உடுப்பெடுக்கச் சித்தி வருவாளாம்.
பெட்டியைத் திறந்து தாயின் படத்தை எடுத்தேன். வீட்டில் ஒருவரும் இல்லை, ஒருதரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது.
மூன்று மணிக்கு டவுன்டவுனில் வேலை. இரவு மழை, சப்பாத்து இன்னும் ஈரம்.