ஏர்பேக் விளக்கு

பாப்பாவின் அம்மாவுக்கு,

பழைய இரும்புக் கடைக்காரர் நாளை வண்டியை எடுத்துப்போகிறார். இத்தனை வருடமாகியும், இவ்வளவு நசுங்கியும், பின்சீட்டுத் தோல் மட்டும் புதுசு போலவே இருக்கிறது.

"அந்த வளைவுல நான் மெதுவா போயிருந்தா எம்பொண்ணு பிழைச்சிருப்பா" என்று உன் அண்ணனிடம் தினமும் அழுகிறாயாம். அழாதே.

செகண்ட்ஹேண்டில் வண்டி வாங்கிய வாரமே டேஷ்போர்டில் ஏர்பேக் விளக்கு எரிந்தது. "பழைய மாடல் சார், பார்ட்ஸ் கிடைக்காது. மோதினா பை விரியாது" என்றார் மெக்கானிக்.

"விளக்கை மட்டும் அணைச்சுக் குடுங்க. வீட்ல பயப்படுவாங்க" என்றேன்.

மறுநாள், ஒரு விளக்கும் எரியாத டேஷ்போர்டைப் பார்த்துவிட்டு நீ கேட்டாய்: "இனி பாப்பா முன்சீட்டுலயே உக்காரட்டுமா?"

நான் தலையாட்டினேன்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா