டம்ளரில் கரைத்த ஒரு லிட்டர்

செவ்வாய், கிருத்திகைக்கு மறுநாள்.

காலையிலிருந்து பாப்பாவுக்கு ஏழு முறை வயிற்றுப்போக்கு. "தண்ணி குடுக்காதீங்க, குடுத்தா போய்க்கினேதான் இருக்கும்" என்றார் கீழ்வீட்டு அக்கா. அவருடைய அறியாமையை நினைத்துச் சிரித்தபடி கடைக்குப் போய் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கிவந்தேன். முழுவதையும் ஒரே டம்ளர் தண்ணீரில் கரைத்தேன். கஷாயம் போலக் கெட்டியாக இருந்தால் சீக்கிரம் கேட்கும் என்பது என் முடிவு. நாளிதழ்ப் பிழைகளைத் திருத்தி ஆசிரியருக்குக் கடிதம் எழுதுகிறவன், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை.

முதல் கரண்டியைப் பாப்பா துப்பிவிட்டாள். வீட்டில் விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அந்த நேரம் பார்த்து, வீடு வீடாகக் குழந்தைகளைப் பார்க்க வரும் சுகாதார நிலைய நர்ஸம்மா வந்தார்.

"இன்னா சார் இது? ஒரு லிட்டர்ல கலக்கணும். உப்பு ஜாஸ்தியானா புள்ளைக்குத்தான் ஆபத்து. படிச்சவர்தானே நீங்க?"

"ஆங், படிப்பாரு. பேப்பர மட்டும்" என்றாள் என் மனைவி சுகுணா.

அதைக் கொட்டிவிட்டு, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் அவர் கொடுத்த புதிய பாக்கெட்டைக் கலந்தோம். கரண்டி கரண்டியாகக் கொடுக்கிறோம். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடியும். தாய்ப்பாலையும் நிறுத்தவில்லை.

"ராத்திரி ஒம்பது மணிக்குள்ள ஒண்ணுக்குப் போவலன்னாலோ, கண்ணு உள்ள போனாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு வந்துடுங்க" என்று சொல்லிப் போனார் நர்ஸம்மா.

பாப்பாவின் கண்களை இருபது முறை பார்த்துவிட்டேன். ஆட்டோவுக்கும் சொல்லியாயிற்று. ஒன்பதாக இன்னும் கால் மணி இருக்கிறது. மடியில் உட்கார்ந்து பேனாவைப் பிடுங்குகிறாள்.

வேட்டி நனைகிறது. சுகுணாவைக் கூப்பிட வேண்டும்.