ஊறப் போடாத போஸ்டர்

என் கோமதிக்கு,

நம் வாசல் பலகையைக் கழற்றச் சொல்கிறார்கள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி ஒன்றில் டிசைன் வரைய ஆள் வேண்டுமாம். மாதச் சம்பளம், மதியச் சாப்பாடு, வீட்டு முனையிலிருந்து கம்பெனி பஸ். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். அண்ணன் என்னை விடாமல் நச்சரிக்கிறான். "ரெண்டு பேர் இஸ்த்த வண்டிய ஒண்டியா இஸ்த்துகினு கீற. எத்தினி நாளிக்கு?" என்கிறான். அவன் சொல்வது நியாயம்தான். அதனால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

இதை உன்னிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பேன்? பலகையில் முதல் பெயர் உன்னுடையது. "கோமதி - சரசு டிசைன்" என்று நீதான் எழுதினாய். என் பெயரை முதலில் போடச் சொன்னதற்கு, "கோ நல்லா வருதுட்டி எனக்கு. அதுல ஆரம்பிச்சாத்தான் பலகை நிமிர்ந்து நிக்கும்" என்றாய். திருநெல்வேலிப் பேச்சை ஆவடி குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தும் விடாத ஒரே ஆள் நீயாகத்தான் இருப்பாய். உன் அப்பாவோடு ராணுவ டேங்க் பாக்டரியில் வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் எல்லாம் என்னைப் போல மெட்ராஸ் தமிழுக்கு மாறிவிட்டார்கள். நீ மட்டும் மாறவே இல்லை.

படம் எனக்கு, எழுத்து உனக்கு. நம் தொழிலில் இருந்த ஒரே பாகப்பிரிவினை அதுதான். மற்றதெல்லாம் நீ போட்ட சட்டம். காலையில் பார்ட்டி யார் வந்தாலும் உள்ளே விட மாட்டாய். கை தெளிவாக இருக்கும் நேரம் வரைவதற்கு, பேச்சு வார்த்தை எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு. மத்தியானம் ஒரு மணி ஆனால் தூரிகையை என் கையிலிருந்து பிடுங்கிவிடுவாய். ஆறு மணிக்குத் தூரிகைகள் கழுவி, முடி மேலே பார்க்க டம்ளரில் நிற்க வேண்டும். உன் ஆவடி ரயிலுக்காகத்தான் இந்த அவசரம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ரயில் மறியல் நடந்த அன்று நீ என் வீட்டிலேயே தங்கினாய். அன்றைக்கும் ஆறு மணிக்குத் தூரிகையைக் கழுவிவிட்டு, என்னோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாய்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சட்டம், ஊறப் போடுவது. எந்த வேலை முடிந்தாலும் அன்றைக்கே கொடுக்கக் கூடாது. முன் வராந்தாவில் துணிக்கொடியில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். மறுநாள் காலையில் இரண்டு பேரும் எதிர் மருந்துக்கடை வாசலில் போய் நின்று, ரோட்டின் இந்தப் பக்கம் பார்க்க வேண்டும். வாங்குகிறவன் கடையில் எட்ட நின்றுதானே பார்ப்பான் என்பாய்.

பூந்தமல்லி ஊதுபத்திக்காரர் ஏகாம்பரத்துக்கு மட்டும் இது பிடிக்கவே பிடிக்காது. "இன்னாம்மா இது, எல்லாரும் காலைல குட்த்தா சாய்ந்தரம் தர்றான். நீ மட்டும் ஊறப் போட்டுகினு கீற?" என்று சத்தம் போட்டார். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒங்க வீட்டுல மாவு அரைச்ச உடனே இட்லி ஊத்திருவீயளா, அண்ணாச்சி?" என்று கேட்டாய். மறுநாள் எதிர் வாசலில் நின்று பார்த்தபோது, அவர் பெட்டிக்கு நான் வரைந்த ரோஜா முட்டைக்கோசாகத் தெரிந்தது. மருந்துக்கடைக்காரரே வாய்விட்டுச் சிரித்தார். உனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது.

இந்தச் சட்டம் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு விலக்கு வைத்திருந்தாய். "சாவுன்னா சொல்லுங்க, இப்பவே உக்காருதோம். கல்யாணம்னா நாளைக்கு." கண்ணீர் அஞ்சலி போஸ்டர் கேட்டு வருகிறவனை நிற்க வைக்கக் கூடாது, அவன் ஏற்கெனவே நொந்து வந்திருக்கிறான் என்பாய்.

வெறும் காய்ச்சல் என்றுதானே ஆஸ்பத்திரிக்குப் போனாய்? வருகிற வாரம் மிளகாய்த்தூள் லேபிள் எழுத வேண்டும், கறுப்பு மை வாங்கி வை என்று சொல்லிவிட்டுப் போனாயே. நான் வாங்கி வைத்தேன், கோமதி. அந்தப் புட்டி இன்னும் மூடி திறக்காமல் இருக்கிறது.

உன் தம்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றான். "அக்கா, போஸ்டர் போடணும். எழுத்து யார் எழுதுறதுன்னு பிரஸ்ல கேட்டாங்க" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது போல. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

நீ வைத்த சட்டப்படி நான் மேசையில் உட்கார்ந்தேன். முகத்தை வரைந்துவிட்டேன். எத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து பார்த்த முகம், அதற்கு போட்டோ எதற்கு? ஆனால் பெயர் எழுதத் தூரிகையை எடுத்தால் கை வரவில்லை. எழுத்து என் வேலையே இல்லையே. பழைய வேலைகளை எல்லாம் அலமாரியிலிருந்து இறக்கினேன். மஞ்சள்தூள் பாக்கெட்டில் உன் 'ம' இருந்தது. ஒரு கல்யாணப் பத்திரிகையில் 'தி' இருந்தது. 'கோ'வை மட்டும் தேடித் தேடி, கடைசியில் ஒரு கோயில் திருவிழா நோட்டீசில் கண்டுபிடித்தேன். கத்தரித்து, பசை தடவி, ஒட்டினேன். உன் பெயரை உன் கையாலேயே எழுத வைத்தேன்.

ஊறப் போடவில்லை. அதற்கு நேரம் ஏது? அச்சாகி குவார்ட்டர்ஸ் சுவரில் ஒட்டிய பிறகு, பழக்க தோஷத்தில் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். 'ம' மற்ற இரண்டையும் விடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. நீ இருந்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பாய்.

உன் அம்மா அந்தச் சுவரிடம் வந்தார்கள். படத்தைப் பார்க்கவில்லை. எழுத்தின் மேல் விரலை வைத்து, வளைவு வளைவாகத் தடவினார்கள். "இது அவ எழுத்துல்லா... இத எப்ப எழுதுனாட்டி?" என்று என்னிடம் கேட்டார்கள். அவர்களைக் கட்டிக்கொண்டு அழத்தான் முடிந்தது.

அதற்குப் பிறகு நான் உன் சட்டம் ஒன்றையும் வைத்துக்கொள்ளவில்லை. வருகிற வேலைக்கெல்லாம் சரி என்றேன். சும்மா உட்கார்ந்தால் எதிரே உன் காலி நாற்காலி தெரியும், அதனால் நிமிராமல் வேலை பார்த்தேன். தூரிகைகள் கழுவாமல் காய்ந்து துடைப்பக்குச்சி மாதிரி ஆயின. இப்போது வலது கை மணிக்கட்டு விரல் மடக்க முடியாமல் வலிக்கிறது. கோடு நடுங்குகிறது. பழைய பார்ட்டிகள் சிலர் வருவதில்லை. வேலையை இறுகப் பிடித்துக்கொண்டால் நீ போனது தெரியாது என்று நினைத்தேன். அப்படி எல்லாம் தெரியாமல் போகுமா? கம்பெனி வேலைக்குப் போகச் சொல்லி அண்ணன் ஆரம்பித்ததும் இந்தக் கையைப் பார்த்துத்தான்.

உன் வருஷ நினைவுக்குப் போஸ்டர் வேண்டும் என்று தம்பி போன வாரமே வந்து சொன்னான். இந்த முறை அவசரம் இல்லை. உன் எழுத்துகளை ஒட்ட மனம் வரவில்லை. மெல்ல மெல்ல, நானே எழுதினேன். எத்தனை தாள் வீணாயிற்று என்று கேட்காதே. நேற்றுச் சாயங்காலம் கொடியில் மாட்டி முடிக்கும்போது ஏகாம்பரம் வந்தார். தசராவுக்குப் புதுப் பெட்டியாம், காலையிலேயே வேண்டுமாம். நான் சரி என்று பென்சிலை எடுத்தேன். அவர் கொடியில் தொங்கிய உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேணாம்மா, வெச்சிடு" என்றார். "மணி ஆறு ஆவுது. அந்தப் பொண்ணு இருந்தா இந்நேரம் என்னிய தொர்த்தி உட்ருக்கும். நீ நெதானமா போடு. நான் ஊற வெச்சே வாங்கிக்கறேன்."

அவர் போன பிறகு தூரிகைகளை வெந்நீரில் போட்டுக் கழுவினேன். கழுவிக்கொண்டே அழுதேன்.

இன்று காலை உன் அம்மா வந்தார்கள். கையில் தூக்குச்சட்டி. "ஒரு மணிக்குச் சாப்பிடணும்னு அவ சொல்லுவாளே, நீ சாப்பிடுதியா இல்லையா?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார்கள். நான் அவர்களைக் கையைப் பிடித்து எதிர் மருந்துக்கடை வாசலுக்குக் கூட்டிப்போனேன். அங்கே நின்று கொடியைப் பார்க்கச் சொன்னேன். ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

"இது அவ எழுத்து இல்ல" என்றார்கள். பிறகு என் வலிக்கிற கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்கள். "இது ஒன் எழுத்துல்லா, சரசு. நல்லாருக்கு."

உன் எழுத்து இனி வராது என்பது எனக்கு அந்த வாசலில்தான் முழுசாக உறைத்தது. ஒரு வருஷமாக நம்பாததை அங்கே நின்று நம்பினேன். இரண்டு பேரும் அழுதோம். மருந்துக்கடைக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போய், வரவில்லை என்று சொல்லிவிடுவேன். பலகை கழலாது, உன் 'கோ' நிமிர்ந்தே நிற்கும். காலையில் யாரையும் உள்ளே விட மாட்டேன். ஒரு மணிக்குச் சாப்பிடுவேன். கை வலித்தால் நிறுத்துவேன். எந்த வேலையையும் ஊறப் போட்டு, ரோட்டைத் தாண்டிப் போய் நின்று பார்த்த பிறகே கொடுப்பேன். பக்கத்தில் நீ நிற்கும் இடத்தை விட்டுத்தான் நிற்பேன்.

மணி ஆறு ஆகப்போகிறது. தூரிகை கழுவ வேண்டும்.

உன் அம்மாவுக்கு மிச்சம் இருக்கும் மகள்,
சரசு