உன் கால் அளவுக்கு ஒரு ஷூ

என் ஜெயாவுக்கு,

நாத்தனார் என்று எழுதக் கை வரவில்லை. ஒருநாளும் உன்னை நான் அப்படி நினைத்ததில்லை. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. உனக்குச் சொல்ல ஒரு சேதி இருக்கிறது. ஒப்புக்கொள்ள வேண்டியதும் ஒன்று இருக்கிறது. நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இதை வெளிப்படையாக எழுதுகிறேன்.

முதலில் சேதி. உன் அண்ணன் ஷூ வாங்கிவிட்டார். நீ போட்டிருந்த அதே மாதிரி. அடி மெல்லிசாக, முன்பக்கம் அகலமாக. நம்புகிறாயா?

கல்யாணம் முறிந்து எர்ணாவூருக்கு, எங்கள் வீட்டுக்கு நீ திரும்பி வந்தபோது நாம் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. நீ காட்டுப்பள்ளிப் பக்கம் கண்டெய்னர் யார்டில் சரக்கு சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாய். காலையில் எண்ணூர் வரை சைக்கிள், அங்கிருந்து நடந்து போய் கம்பெனி வேன். யார்டுக்குள் நாள் முழுக்க இரும்பு மூக்கு வைத்த பாதுகாப்பு ஷூ. சாயங்காலம் திரும்பும்போது கடற்கரை ரோட்டில் ஓட்டம். "பகல் முச்சூடும் இரும்புல கெடக்குது அண்ணி, வெளிய வந்தா காலு மூச்சு வுடணும்ல" என்பாய்.

உன்னுடையது முன்பக்கம் விரிந்த கால். கடை ஷூ எதைப் போட்டாலும் சுண்டுவிரல் நசுங்கி, நகம் கறுத்துப்போகும். சைக்கிளுக்கு ஒன்று, நடக்க ஒன்று, ஓட ஒன்று என்று மூன்று ஜோடியைச் சுமந்துகொண்டு திரியவும் முடியாது. மூன்றுக்கும் ஒன்றே வேண்டும் என்று தேடித்தான் பழைய வண்ணாரப்பேட்டையில் அந்த பாயின் ஷூ கடைக்குப் போனாய். எனக்கு முட்டி வலி, டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். அதைச் சாக்காக வைத்து என்னையும் இழுத்துக்கொண்டு போனாய்.

பாய் ஒரு அட்டையைத் தரையில் போட்டு உன்னை அதன்மேல் நிற்கச் சொன்னார். நீ உட்காரப் போனாய். "நின்னுகினு வரையணும்மா. குந்திகினா காலு சுருங்கிக்கும், அளவு தப்பாப் பூடும்" என்றார். பென்சிலால் வரைந்து முடித்ததும், ஷூவுக்குள் இருந்த மெத்தையை உருவி அந்தப் படத்தின்மேல் வைத்துக் காட்டினார். படம் வெளியே தெரிந்தால் அந்த ஷூ வேண்டாம் என்றார். ஏழெட்டு ஜோடி அப்படியே தள்ளினோம். கடைசியில் வந்ததை நீ சப்பாத்தி மாதிரி சுருட்டிப் பார்த்தாய். குதிகால் பக்கம் ஒரு விரல்கூட உயரமில்லை. அட்டை மாதிரி இருக்கிறதே, இதற்கா இவ்வளவு தேடல் என்று எனக்குத் தோன்றியது. இதைப் போட்டுக்கொண்டு உடனே ஓடிவிடாதே, கால் பழகட்டும் என்று பாய் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

நீ கேட்டாயா? மறுநாளே ஓடினாய். கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு இரண்டு வாரம் நொண்டினாய். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தது நான்தான். நாம் நன்றாகப் பேச ஆரம்பித்தது அப்போதுதான்.

அப்புறம் ஒழுங்காகச் செய்தாய். ஒரு மாதம் வெறும் நடை. பிறகு ஒரு கரண்டு கம்பம் தூரம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. சைக்கிளில்தான் தகராறு. பெடலின் இரும்புப் பல் மெல்லிய அடியைத் தாண்டி உள்ளங்காலில் குத்தியது. ஷூவை மாற்றச் சொன்னேன். நீ பெடலை மாற்றினாய். அகலமான தட்டைப் பெடல், நடுப்பாதம் அதில் முழுசாக உட்கார்ந்தது. கண்ணாடிச் சில்லு கிடக்கும் இடத்தில் மட்டும் கீழே பார்த்துப் போ என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தாய்.

ஆமாம், எனக்கும் ஒரு ஜோடி வாங்கிக்கொடுத்திருந்தாய். முட்டி வலி பறந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். குறைந்தது. சூட்டையும் மணலையும் கல்லையும் கால் தனித்தனியாக அறிந்தது. காலடிச் சத்தம் கேட்காமல் ஓடினால்தான் சரியாக ஓடுகிறோம் என்று அர்த்தம் என்று ஒருநாள் சொன்னாய். எனக்கு வரவேயில்லை, என் கால் தொப்பு தொப்பென்று விழுந்தது. உனக்கு மட்டும் எப்படி வருகிறது என்று கேட்டேன்.

"அந்த வூட்ல அஞ்சு வருசம் சத்தமே வராமத்தான நடந்தேன் அண்ணி" என்றாய்.

உன் கல்யாணத்தைப் பற்றி நீ என்னிடம் சொன்னது அந்த ஒரு வரிதான். அதற்குமேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டுமோ?

உன் அண்ணனுக்கு நாம் ஓடியது பிடிக்கவில்லை. ட்ரைலர் லாரி ஓட்டுகிறவர். அந்த ரோட்டில் போகிற டிரைவர் எல்லாம் அவருக்குத் தோஸ்து. உன் தங்கச்சி ரோட்டில் ஓடுகிறாளே என்று எவனோ சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டான். அன்றிலிருந்து இரண்டு மாதம் அவர் உன்னோடு பேசவில்லை. நீயும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வந்துவிடுவாய்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. அண்ணன் லோடு ஏற்றிக்கொண்டு விஜயவாடா பக்கம் போயிருந்தார். இரண்டாம் நாள் மத்தியானம், கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்றாய். நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"ஓடி ஓடி ஒடம்பு சூடாயிருக்கும். கொஞ்சம் பொறு, நாளைக்குப் பாக்கலாம்."

மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தாய். மறுநாள் உன்னால் எழுந்து நிற்க முடியவில்லை. ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினேன். டெங்கு என்றார்கள். ரத்தம் ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் முடிந்துவிட்டது. அண்ணன் வந்தபோது உனக்கு நினைவில்லை.

நீ கேட்டதையும் நான் சொன்னதையும் ஏழு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் என்னிடம், நீயாவது கூட இருந்தாயே என்றார்கள். ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினேன்.

போன மாதம் ஒரு காலை. காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்டார், "அவ வாங்குன கடை எங்க கீது?"

கூட்டிக்கொண்டு போனேன். பாய் அட்டையைப் போட்டார். உன் அண்ணன் ஏறி நின்றார். பாய் குனிந்து வரைய ஆரம்பித்து, பாதி வட்டத்தில் பென்சிலை நிறுத்திவிட்டார். அந்த விரிந்த விரல்களையே பார்த்தார்.

"இத்த மாரி ஒரு காலு வரைஞ்சிருக்கேனே. சைக்கிள்ல போற பொண்ணு. நல்லா கீதா அது?"

ஜெயா, ஆஸ்பத்திரியில் அழாத மனிதர். சுடுகாட்டிலிருந்து வந்தும் அழாதவர். அந்த அட்டையை விட்டு இறங்காமல், நின்ற இடத்திலேயே குலுங்கிக் குலுங்கி அழுதார். பாய் என்னைப் பார்த்தார். புரிந்துகொண்டார். பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைக்கு வந்த இரண்டு பேர் வாசலோடு திரும்பிப் போனார்கள்.

அன்றிலிருந்து, லோடு இல்லாத நாளில் நாங்கள் இரண்டு பேரும் நடக்கிறோம். அவருக்கும் கெண்டைக்கால் வலிக்கிறது. யாராவது டிரைவர் ஹாரன் அடித்தால் கையைத் தூக்கிக் காட்டுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை கடலோரம் போட்டிருக்கிற பாறாங்கல் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது எனக்குப் பொறுக்க முடியவில்லை. சொல்லிவிட்டேன். நீ கேட்டதை, நான் கரைத்துக்கொண்டிருந்த புளியை, 'கொஞ்சம் பொறு' என்றதை. அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நின்றேன்.

அவர் கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் போன் பண்ணா. ரெண்டு மாசம் பேசாதவ அன்னிக்குத்தான் பேசுனா. அண்ணா, ஒடம்பு முடில, ஆஸ்பத்திரிக்குப் போவட்டுமான்னு கேட்டா. அண்ணி கீறாள்ல, அவ சொல்றத கேளுன்னு வச்சுட்டேன்."

அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கல்லில் உட்கார்ந்தோம். வெயில் ஏறிய பிறகுதான் எழுந்தோம். அவரும் ஏழு மாதமாக என்னிடமிருந்து இதையேதான் ஒளித்து வைத்திருந்தாரா? நீ இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாயா? யாரிடம் முதலில் கேட்டாய், என்னிடமா, அவரிடமா? இது எங்களுக்கு இனி ஒருநாளும் தெரியாது.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குத் துணிவில்லை, ஜெயா. ஒன்று மட்டும் சொல்கிறேன். இனி இந்த வீட்டில் யார் "போலாமா" என்று கேட்டாலும், அடுப்பில் எது இருந்தாலும், அணைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன்.

உன் கூடப் பிறக்காமல் உனக்கு வாய்த்தவள்,
உன் அண்ணி
மல்லிகா